உதட்டுக்காரிக்கு வைத்த பெயர்

மூன்றாம் தொட்டியில் இருந்த பெரிய மீன் நீல நிறம். கண்ணைப் பறிக்கிற, அழுத்தமான நீலம். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளைப் பலகை தொங்கியது. அதில் மீனின் விஞ்ஞானப் பெயரை அக்கீரோடஸ் விரிடிஸ் என்று பொறித்து, அடியில் பொடி எழுத்தில் பொருளும் போட்டிருந்தார்கள்: லத்தீன் மொழியில் விரிடிஸ் என்றால் பச்சை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள், பலகையைப் படிப்பார்கள், மறுபடியும் மீனைப் பார்ப்பார்கள். "இது நீலமா இல்ல இருக்கு?" என்று கேட்பார்கள். தொட்டியக்கா நண்டு வாளியைக் கீழே வைக்காமலே பதில் சொல்வாள்.

"மீனு நீலம்தாங்க. பேரு வெச்சவரைத்தான் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும்."

முதலில் வைத்த பெயர் பொருந்தாவிட்டாலும் அதை மாற்றக் கூடாதாம். மீன் விஞ்ஞானத்தில் அப்படி ஒரு சட்டம். இதைக் கேட்ட நாளிலிருந்து மீன் விஞ்ஞானத்தின்மேல் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

அந்தக் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள். தீனி போடுவது, கண்ணாடி துடைப்பது, பம்ப் மக்கர் செய்தால் அதன் வயிற்றைக் கழற்றிப் பாசி வழிப்பது, எல்லாம் பத்தொன்பது வருடங்களாக அவள் வேலை. அவளைவிட மூத்தவர்களும் அவளைத் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் கணவருக்கு அவள் 'இந்தாம்மா', நாத்தனாருக்கு 'அண்ணி', பிள்ளைகளுக்கு 'அம்மா'. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாக யாரிடமும் சொன்னதில்லை.

மேல்மாடியில் படித்தவர்கள் இருந்தார்கள். மாடிக்காரர்கள் என்பது அவள் வைத்த பெயர். அவர்கள் மீனைப் பார்ப்பதெல்லாம் செத்த பிறகுதான். ஸ்பிரிட் ஜாடியில் வெளுத்துச் சுருங்கிக் கிடப்பதை வெளியே எடுத்து, செதிலை எண்ணி, முள்ளை எண்ணி, காகிதத்தில் எழுதிவிட்டுத் திரும்ப ஜாடியில் போடுவார்கள். உயிரோடு இருக்கிற மீன் எதைத் தின்னும், எதைக் கண்டால் ஒளியும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். 'ஆளைப் பார்க்காமலே ஜாதகம் எழுதுகிற கூட்டம்' என்று அவள் முணுமுணுப்பாள், அதுவும் அவர்கள் காதில் விழுகிற மாதிரி.

மாடிக்காரர்களுக்கெல்லாம் தலைவர் ஒரு பேராசிரியர். அவருக்கு நிலையத்தில் லத்தீன் என்று பட்டப்பெயர், ஏனென்றால் தும்மினால்கூட அவர் வாயிலிருந்து லத்தீன்தான் வரும். ஒரு மீனின் தொண்டை எலும்பைப் பற்றி மட்டும் பதினான்கு கட்டுரை எழுதியவர். ஆனால் முப்பத்தோரு வருட வேலையில் ஒரு மீனுக்குக்கூட அவர் பெயர் வைத்ததில்லை. இன்னொரு நிலையத்தில் இருந்த, அவரோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர் ஆறு மீனுக்குப் பெயர் வைத்துவிட்டார். அந்த ஆறு மீன்காரரின் கடித உறை மேசைக்கு வந்தாலே லத்தீனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் தொட்டியின் நீல மீன் செத்துப்போனது. வயதாகித்தான் செத்தது. மிச்சம் இருந்தவை இரண்டு, இரண்டும் காய்ந்த செங்கல் மாதிரி மங்கலான பழுப்பு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கப்பல்காரர் எங்கோ தூரத்துக் கடலில் பிடித்து, பீப்பாயில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவை. பெரியது மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. தடித்த உதட்டைத் துருத்திக்கொண்டு, எதற்கோ கோபித்துக்கொண்ட முகமாகவே இருக்கும். அதற்கு உதட்டுக்காரி என்று தொட்டியக்கா பெயர் வைத்திருந்தாள். சின்னது சதா பாறைக்குப் பின்னால் பதுங்கியே கிடந்ததால் அதற்குப் பெயர் வைக்கவும் தோன்றவில்லை, சின்னவள் என்பதோடு சரி.

உதட்டுக்காரி நண்டை அவள் கையிலிருந்துதான் வாங்குவாள். வேறு யார் கையை விட்டாலும் கிட்டே வரமாட்டாள். நண்டை ஓட்டோடு கடிக்கிற சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கும். தின்று முடித்ததும் அவள் உள்ளங்கையில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுத்தான் போவாள். மனிதர்கள் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசாத தொட்டியக்கா, அந்த மீனிடம் மட்டும் வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள்.

ஒருநாள் லத்தீன் அதிசயமாகக் கீழே இறங்கி வந்தார். பூதக்கண்ணாடியைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு உதட்டுக்காரியின் முதுகுத் துடுப்பை எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நீல மீனுக்கு முதுகில் பதினொரு முள். இதற்குப் பத்து. நிறமும் வேறு, முள்ளும் குறைவு, பிடித்த கடலும் வேறு. ஆக இது யாரும் பெயர் வைக்காத புது மீன் என்று அங்கேயே நின்றபடி அறிவித்தார். சின்னவளின் முள்ளை அவர் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பதினொன்று வந்திருக்கும்.

பத்தாவது முள்ளோடு நின்றுபோன கதை தொட்டியக்காவுக்குத் தெரியும். வந்த வருடமே உதட்டுக்காரியின் துடுப்பு தண்ணீர் வெளியேறும் கம்பிவலையில் மாட்டிக்கொண்டது. அவள்தான் தோள்வரை கையை விட்டு இழுத்து எடுத்தாள். மீன் வந்தது, ஒரு முள் வலையிலேயே நின்றுவிட்டது. அந்த இடம் பிறகு தழும்பே தெரியாமல் மூடிக்கொண்டது.

நிறத்தின் கதை அதைவிடப் பழையது. செத்துப்போன நீல மீன் நீலமாகப் பிறக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அதுவும் பழுப்புதான், பெண்தான். அவளுடைய ஏழாம் வருடத்தில், அப்போதிருந்த நீல ஆண் செத்த பிறகு, கண்ணைச் சுற்றி நூல் மாதிரி நீலம் வந்தது, கன்னத்துக்கு இறங்கியது, நாலைந்து மாதத்தில் உடம்பு முழுக்கப் பரவியது. பெண்ணாக இருந்தது ஆணாகிவிட்டது. அவள் தீனிக் குறிப்பேட்டில் நாள் விவரத்தோடு எழுதி வைத்துவிட்டு, லத்தீனிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குழாய்ல தாமிரம் இருக்கு. அது தண்ணீர்ல கரைஞ்சு சாயம் ஏறியிருக்கும், போங்க" என்றார். மீனை வேட்டி என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

மீன் விஞ்ஞானத்தில் இன்னொரு சட்டம் உண்டு. பெயர் வேண்டுமானால் உடல் வேண்டும். எந்த மீனைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ, அந்த மீன் என்றைக்கும் ஜாடியில் இருக்க வேண்டும். சந்தேகப்படுகிறவன் வந்து பார்க்கலாம். லத்தீன் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார். ஜாடி அறையைக் கவனிப்பவர், அவரை எல்லோரும் ஊறுகாய்க்காரர் என்பார்கள், அளவு நாடாவோடு கீழே வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க, நீளம் பாக்கணும்" என்றார்.

"எதுக்கு?"

"நம்மகிட்ட இருக்கிற பெரிய ஜாடியே ரெண்டடிதான். இவங்க அதுல உக்காந்தாத்தான் உண்டு. தகரத் தொட்டி ஒண்ணு அடிக்கச் சொல்லணும்."

விஷயம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கையில் இருந்த நண்டு நழுவி வாளியில் விழுந்தது. அன்று திங்கட்கிழமை. அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தாள்: உதட்டுக்காரியின் இடது கண்ணைச் சுற்றி, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு நீல இழை ஓடியது.

செவ்வாய்க்கிழமை காலை தீனிக் குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினாள். லத்தீனின் அறையில் உட்கார நாற்காலி ஒன்று உண்டு, அதன்மேல் எப்போதும் புத்தகம் அடுக்கியிருக்கும். அவள் நின்றாள்.

"சார், அது புது மீனு இல்ல. நம்ம நீல மீனோட பொம்பளைதான். ஒரு முள்ளு கம்பிவலையில போயிடுச்சு, நான்தான் இழுத்தேன். இப்ப அதுக்கும் நீலம் வருது."

"அம்மா, இது படிச்சவங்க பண்ற வேலை. நீங்க வாளியைப் பாருங்க."

"வாளியைத்தான் சார் பத்தொன்பது வருஷமாப் பாக்கறேன். அதனாலதான் தெரியுது. கீழ வந்து கண்ணால பாருங்க."

வந்தார். அவள் கையை நீட்ட, உதட்டுக்காரி கண்ணாடி ஓரமாக வந்து நின்றாள். லத்தீன் குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நிமிர்ந்து, "இந்தத் தொட்டி விளக்கை வெள்ளிக்கிழமை வரைக்கும் அணைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அவள் அங்கேயே நின்றாள். இத்தனை நாள் அந்த ஆளை ஒன்றும் தெரியாத முட்டாள் என்று நினைத்திருந்தாள். முட்டாள் என்றால்கூடப் பரவாயில்லை, மன்னித்துவிடலாம். தெரிந்தே செய்கிறவனை என்ன சொல்வது? நாக்கில் ஒரு வார்த்தை வந்தது, மீன்கள் கேட்கும் என்று விழுங்கினாள்.

மறுநாள், கிடைத்த நேரத்திலெல்லாம், பம்ப் அறையில் கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து ஆறு மீன்காரருக்குக் கடிதம் எழுதினாள். குறிப்பேட்டிலிருந்து நாள் நாளாகப் பார்த்து எழுதினாள். முள் போன கதை, நீலம் வந்த கதை, விளக்கை அணைக்கச் சொன்ன கதை, ஒன்றையும் விடவில்லை. நான்கு பக்கம் வந்தது. உறையை ஒட்டினாள். சாயங்காலம் மாடிப்படியில் லத்தீன் எதிரே வந்தபோது உறையை எடுத்துக் காட்டிவிட்டே சொன்னாள்:

"நாளைக்குத் தபால்ல போடறேன் சார். ஆறு மீன்காரருக்கு. அவரு எப்படியும் கண்ணாடி போட்டுட்டுதானே படிப்பாரு?"

லத்தீன் சுவரோரம் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். அதுவே அவளுக்குப் பெரிய வெற்றியாக இருந்தது.

வீட்டில் அன்று நாத்தனார் வந்திருந்தாள். நாத்தனாரின் வீட்டுக்காரர் பல் டாக்டர், வாசலில் பெயர்ப்பலகை உண்டு. அந்தப் பலகையை நாத்தனார் வாரம் இரண்டு தடவை தானே துடைப்பாள், துடைத்ததை நாலு வீட்டில் சொல்வாள். தொட்டியக்கா கை கழுவக்கூடப் போகாமல் கதை முழுக்கக் கொட்டினாள்.

"படிச்ச கழுதைங்க! ஒரு பேருக்காக ஒரு உயிரை எடுக்கறாங்க பாருங்க. பேரு என்ன பேரு? மீனுக்குத் தெரியுமா அதுக்கு என்ன பேருன்னு? மானம் கெட்டவனுங்க."

கணவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டவர் வீட்டில் அதிகம் பேசமாட்டார். "சரியாத்தான் சொல்றே. போட்டுடு கடிதத்தை" என்றார்.

"அண்ணி, உங்களுக்கு எதுக்கு வம்பு? அவங்க பெரிய மனுஷங்க. உங்க பேச்சை யாரு கேப்பாங்க?" என்றாள் நாத்தனார், பழம் நறுக்கிக்கொண்டே.

"கேக்க வெக்கிறேன் பாரு" என்றாள் தொட்டியக்கா. அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை மாடியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. போனால், நாற்காலியில் புத்தகம் இல்லை. லத்தீன் எழுந்து நின்று, "உக்காருங்க" என்றார். தேநீர் வந்தது, பீங்கான் கோப்பையில், தட்டோடு. கடிதத்தைப் பற்றிக் கெஞ்சுவார், அல்லது வேலையைவிட்டுத் தூக்குவேன் என்று மிரட்டுவார் என்று நினைத்து, இரண்டுக்கும் பதில் யோசித்துவைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

"உங்க பேரு என்ன?" என்றார்.

"தொட்டி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"சொந்தப் பேரு."

சொன்னாள். தன் குரலில் தன் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. லத்தீன் அதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். கடைசியில் ஒரு லத்தீன் வாலைச் சேர்த்தார். முன்னால் அக்கீரோடஸ் என்று எழுதினார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சபையில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி ஒரு தடவை வாசித்தார்.

"புது மீனுக்கு இதுதான் பேரு. என் மனைவி பேரை வெக்கிறதா வீட்டுல சொல்லியிருந்தேன். ஆனா இத்தனை வருஷம் வளர்த்தவங்க நீங்கதானே? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிலை வெச்சா காக்கா உக்காரும். தெருவுக்குப் பேரு வெச்சா நாளைக்கு வேற ஆள் வந்து மாத்துவான். இது அப்படி இல்ல. ஒரு தடவை அச்சில வந்துட்டா யாராலயும் அழிக்க முடியாது. நீங்க, நான், இந்தக் கட்டடம் எல்லாம் போனப்புறமும் உலகத்துல எங்கயோ ஒருத்தன் புத்தகத்தைத் திறந்தா உங்க பேரு இருக்கும்."

சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பெயருக்குப் பின்னால், வைத்தவர் பெயர் என்று தன் பெயரும் சேர்ந்தே அச்சாகும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே மீனுக்கு வைத்துக்கொண்டால் ஊர் காறித் துப்பும். இன்னொருவர் பெயரை வைத்து, பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் பெருந்தன்மை என்று பாராட்டும். மாடிக்காரர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

தொட்டியக்கா தேநீரை எடுத்துக் குடித்தாள். ஆறியிருந்தது. கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. உதட்டுக்காரியை விட்டுவிட்டு வேறு எதையாவது ஜாடியில் போடக் கூடாதா என்று கேட்டிருக்கலாம். நீலத்துக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். முந்தாநாள் நாக்கில் வந்ததை இன்றைக்குத் துப்பியிருக்கலாம். அவள் கேட்டது இதை:

"எழுத்து எவ்வளவு பெருசா இருக்கும் சார்?"

லத்தீன் கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் விரித்துக் காட்டினார். கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது அவளுக்குப் படியிறங்கும்போதுதான் உறைத்தது, உறைத்தும் திரும்பிப் போகவில்லை. கடிதத்தைப் பிரித்து நான்கு பக்கத்திலும் நண்டு ஓட்டைச் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

தாளை மட்டும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க வேலைக்கு நடுவில் மூன்று தடவை எடுத்துப் படித்தாள். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூடுதல் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை ஊறுகாய்க்காரர் வலையோடும், பனிக்கட்டித் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியோடும் வந்தார். வலையைத் தண்ணீரில் இறக்கியதுமே உதட்டுக்காரி பாறைக்குப் பின்னால் போய்விட்டாள். அரை மணி நேரம் வலையைப் போட்டு ஆட்டினார், ஆள் நனைந்ததுதான் மிச்சம்.

"இது நம்ம கைக்கு அடங்காது அக்கா. நீங்க கூப்பிட்டாத்தான் வரும்."

தொட்டியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாளியிலிருந்து இருப்பதிலேயே பெரிய நண்டாகப் பார்த்து எடுத்தாள். கையை விட்டாள். உதட்டுக்காரி வெளியே வந்தாள், அவசரமே இல்லாமல், உதட்டைத் துருத்திக்கொண்டு. நண்டை வாங்கினாள், கடித்தாள். அந்தச் சத்தம் கேட்டது. கன்னத்தைத் தேய்க்க உள்ளங்கைக்கு வந்தபோது ஊறுகாய்க்காரர் கீழிருந்து வலையைத் தூக்கினார்.

வெளிச்சத்துக்கு வந்ததும் தெரிந்தது. நாலு நாளில் நீலம் கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

"அக்கா, இது நீலமா இருக்கே!" என்றார் ஊறுகாய்க்காரர்.

"ஸ்பிரிட்ல போட்டா எல்லாம் ஒரே நிறம்தான். பேசாம தூக்குங்க" என்றாள் அவள்.

பனிக்கட்டித் தண்ணீரில் உதட்டுக்காரி வாலை இரண்டு தடவை அடித்தாள். பிறகு செவுள் மெதுவாகத் திறந்து மூடியது, பிறகு மூடவில்லை. தொட்டியக்கா கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். அழுகை வரும் என்று பயந்திருந்தாள். வரவில்லை, அதுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

நான்கு மாதத்தில் கட்டுரை அச்சாகி வந்தது. தகரத் தொட்டிக்குப் பதிலாக, தலைமை அலுவலகத்தில் சொல்லி மூன்றரை அடிக் கண்ணாடிப் பேழையே வாங்கிவிட்டார் லத்தீன். உள்ளே உதட்டுக்காரி, வெளுத்த கோழித்தோல் நிறத்தில், கண் வெள்ளைபூத்து. வெளியே பித்தளைப் பலகையில் பெயர், லத்தீன் விரித்துக் காட்டிய அதே அளவு எழுத்தில். மூன்றாம் தொட்டிப் பக்கத்திலும் பழைய பலகையைக் கழற்றிவிட்டு, சின்னவளுக்காகப் புதுப் பெயர்ப் பலகை மாட்டினார்கள். விரிடிஸ் போய் அவள் வந்தாள். பேராசிரியரின் மனைவி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டதாக நிலையத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியக்கா குடும்பத்தை அழைத்துவந்தாள். நாத்தனார் பேழை முன்னால் நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு தடவை அண்ணியைப் பார்த்தாள், ஒரு தடவை பலகையைப் பார்த்தாள்.

"அண்ணி, இது நெஜமாவே உங்க பேரா? உலகம் பூரா இந்தப் பேருதானா?"

"உலகம் பூரா" என்றாள் தொட்டியக்கா. பல் டாக்டரின் பலகை அந்த நிமிடம் தூள்தூளாகிவிட்டது. எத்தனை வருடக் காத்திருப்பு! அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

கணவர் பலகையைப் படிக்கவில்லை. பேழைக்குள் இருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாம்மா, இது அந்த மீனுதானே? உன் கையில கன்னத்தைத் தேய்க்கும்னு சொல்வியே?"

"ஆமா."

"கடிதம் போடறேன்னு சொன்னியே?"

"போகலை போலிருக்கு" என்றாள். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வெளியே போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து வீட்டில் அவள் மாடிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தால் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

உதட்டுக்காரி போன பிறகு சின்னவள் பாறையைவிட்டு வெளியே வரத் தொடங்கினாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தைரியமாக. இரண்டே மாதத்தில் நண்டைக் கையிலிருந்து வாங்கப் பழகிவிட்டாள். பார்க்க வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு, "யாருங்க இது, யாரு பேரு?" என்று கேட்பார்கள். தொட்டியக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் பதில் சொல்வாள். இப்போதெல்லாம் அவளுக்கு வாளி கனக்கிறது என்று ஊறுகாய்க்காரர் கேலி செய்தார்.

ஒரு புதன்கிழமை காலை, கண்ணாடி துடைக்கும்போது பார்த்தாள். சின்னவளின் கண்ணைச் சுற்றி நீல நூல்.

துணியைக் கண்ணாடியிலேயே அழுத்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். இன்னும் நாலைந்து மாதம். கன்னத்துக்கு இறங்கும், முதுகுக்குப் போகும், உடம்பு முழுக்கப் பரவும். தன் பெயர் போட்ட பலகைக்கு அடியில், பட்டப்பகலில், ஊர் பார்க்க, அது நீல மீனாகிவிடும். பள்ளிக்கூடத்துப் பொடியன்கூடக் கேட்பான். ஆறு மீன்காரர் கேள்விப்பட்டால் ரயில் ஏறியே வருவார். பிறகு புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே, இப்படி ஒரு மீன் இல்லை, தவறு என்று எழுதுவார்கள். அதுவும் அழியாது.

விளக்கை அணைத்துவிட்டு மாடி ஏறினாள். லத்தீனுக்கு அது கடைசி வாரம். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஜாடியில ஒண்ணே ஒண்ணு இருக்கறதுக்கு இன்னொண்ணும் இருந்தா நல்லதுதானே? யாராவது வந்து கேட்டா காட்டலாம்ல?"

லத்தீன் அடுக்குவதை நிறுத்தவில்லை. "அதுக்கும் நீலம் வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு சார்."

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல. விளக்கை அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

அவர் இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தொட்டியில் செத்து மிதப்பதைப் பார்க்கிற பார்வை அது. பத்தொன்பது வருடமாக அவரை அவள் அப்படித்தான் பார்த்துவந்திருந்தாள், அதனால் அவளுக்கு அது என்ன பார்வை என்று நன்றாகத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் அறையைவிட்டுப் போகவில்லை.

"ஊறுகாய்க்காரர்கிட்ட சொல்லிடறேன்" என்றார் லத்தீன். "என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமையே வெச்சுக்கலாம் சார்" என்றாள் அவள். "வலை எல்லாம் வேணாம். என் கைக்கு வரும்."